கதவில் ஒட்டிய கணிப்பு

கூடைப்பந்து ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்வது புரொபசரின் தொழில். ஆட்டம் முடிந்த பிறகு, தான் சொன்னதும் அதையேதான் என்று நிரூபிப்பது அவருடைய திறமை.

அவர் எந்தக் கல்லூரியிலும் பாடம் நடத்தியதில்லை. மூக்குக் கண்ணாடியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். டீ சூடாக இருக்கிறதா என்று கேட்டால், "எதோட ஒப்பிட்டு?" என்று திருப்பிக் கேட்பார். இந்த இரண்டு தகுதிகளை வைத்து நாளிதழ் அலுவலகம் அவருக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிட்டது. விளையாட்டுப் பக்கத்தில் வாராவாரம் 'கணித்தபடி' என்ற பத்தியை எழுதிவந்தார். பத்தியின் தலையில் அவருடைய புகைப்படம் இருக்கும். ஆள்காட்டி விரல் நெற்றிப்பொட்டில் ஊன்றியிருக்கும். பார்வை வாசகரைத் தாண்டி அடுத்த வாரத்தில் எங்கோ நிலைகுத்தியிருக்கும்.

கணக்கில் அவர் குறைவைத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டுக் கூடத்தில் டிவி இருக்க வேண்டிய சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தார். எந்த அணி நேற்றும் ஆடிவிட்டு இன்றும் ஆடுகிறது, எது பஸ்ஸில் குலுங்கி வந்தது, எது சொந்த அரங்கில் ஆடுகிறது, யாருடைய முழங்காலில் ஐஸ் பை இருக்கிறது, கூடையில் பட்டுத் திரும்பும் பந்தை எட்டிப் பிடிப்பது யார், எந்த நடுவர் எதற்கெல்லாம் விசில் ஊதுவார் என்று எல்லாம் அதில் இருக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு விடையும் வரும். அந்த விடையை எழுத உட்காரும்போதுதான் அவர் பின்வாங்குவார். முன்பு வானிலைப் பகுதியில் இருந்தவர். 'ஓரிரு இடங்களில்' என்ற சொற்களை அங்கிருந்து கிளம்பும்போது கையோடு எடுத்துவந்துவிட்டார்.

"முதல் பாதியில் எதிரணி முந்தினால் இரண்டாம் பாதியில் நாரைகள் எழுந்துவர வாய்ப்புண்டு, எழுந்துவராத பட்சத்தில் எதிரணியின் கை ஓங்கியிருக்கக் காணலாம்." ஊர் அணியான நாரைகளைப் பற்றி இப்படி எழுதுகிறவரைத் தப்பாகச் சொன்னார் என்று யாராலும் குற்றம் சாட்ட முடியாது. சரியாகச் சொன்னார் என்று குற்றம் சாட்டவும் முடியாது.

இறுதி ஆட்டம் நெருங்கிய சமயத்தில் விளையாட்டுப் பக்கத்தின் ஆசிரியை அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"புரொபசர், உக்காருங்க. போன வாரம் நீங்க எழுதினதைப் படிச்சேன். மறுபடியும் ஒருதடவை படிச்சேன். யாரு ஜெயிப்பாங்கன்னு சொல்லியிருக்கீங்க?"

"நுணுக்கமாச் சொல்லியிருக்கேன் மேடம்."

"நுணுக்கம் தெரியுது. அணியோட பேருதான் தெரியல." அவர் தன் போனைத் திருப்பிக் காட்டினார். "இது யாருன்னு தெரியுதா?"

"பூனை."

"செருப்புக் கடைப் பூனை. மேனேஜர்னு பேரு. கடைக்காரர் தினமும் ரெண்டு காலிப் பொட்டியை வைக்கிறார். ஒண்ணுல நாரைகளோட நீலக் காகிதம், இன்னொண்ணுல அன்னிக்கு எதிர்த்து ஆடுற அணியோட காகிதம். எதுல போய்ப் படுக்குதோ அந்த அணிதான் ஜெயிக்குதாம். ஊரே பாக்குது."

புரொபசர் புன்னகைத்தார். அறியாமையைக் கண்டு பரிதாபப்படும் புன்னகை. கண்ணாடி முன் நின்று பழகியது. "பொட்டியைக் கண்டா பூனை உக்காரும் மேடம். அது பூனையோட சுபாவம். இதுல ஆய்வு எங்க இருக்கு?"

"ஆய்வு இல்லதான். ஆனா ஒரு பொட்டியிலதான் உக்காருது பாருங்க. இதுல ரெண்டு கால், அதுல ரெண்டு கால்னு நிக்கல."

புன்னகை பாதியில் நின்றது.

"இறுதி ஆட்டத்துக்குத் தலைப்புலயே போடப்போறேன்," என்றார் ஆசிரியை. "யாரு ஜெயிப்பாங்க, யாரு தோப்பாங்க. வாய்ப்புண்டு, காணலாம், கூறவியலாது எதுவும் கூடாது. சரியாச் சொன்னா பத்தி உங்களுது. தப்பாப் போச்சுன்னா அடுத்த சீசன்லருந்து அந்த இடம் பூனைக்கு. அதுக்கு போட்டோகூட எடுத்தாச்சு."

"போட்டோவுமா?"

"விரலை நெத்தியில வைக்க மாட்டேங்குது. மத்தபடி உங்களைவிட நல்லாவே வந்திருக்கு."

*

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மச்சான் வந்திருந்தான். புரொபசரின் மனைவிக்குத் தம்பி; நாரைகள் அணியின் கோச். வாரந்தவறாமல் வருவான். அதற்கு ஒரு காரணம் உண்டு. புரொபசரின் மனைவி பல் டாக்டர். படிக்கிற காலத்தில் முதன்முதலாகப் பிடுங்கிய பல் தம்பியுடையது. பிடுங்கிய பிறகுதான் அது பக்கத்துப் பல் என்று தெரிந்தது. அதற்குப் பரிகாரமாக இன்றுவரை ஞாயிறுதோறும் அவனுக்கு உருளைக்கிழங்கு வறுத்துப் போடுகிறாள்.

அன்று அவன் தட்டில் உருளைக்கிழங்கு அப்படியே கிடந்தது.

"என்னடா, பல்லு வலியா?" என்றாள் அக்கா.

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. முதலாளிதான் குடையுறாரு."

அணியின் முதலாளி மெத்தைக் கம்பெனிக்காரர். நாரைகளின் சட்டை முதுகில் ஒரு சின்ன மெத்தை அச்சிட்டிருக்கும். எதிரணி ரசிகர்கள் அதைப் பார்த்து "எந்திரிங்கடா, விடிஞ்சிருச்சு" என்று கத்துவது வழக்கம்.

"கோப்பை வந்தா நீ இருக்கலாம், வரலேன்னா வேற ஆளைப் பாத்துக்குறேன்னுட்டார் அக்கா. போக வேண்டியதுதான். ஒரு அணியில கூப்பிடுறாங்க. ரெண்டு விமானம் மாறிப் போகணும்."

"கோப்பையை வெச்சு அவரு என்ன பண்ணப்போறாராம்?"

"மெத்தைமேல படுக்கவெச்சு விளம்பரத்துக்குப் போட்டோ எடுக்கணுமாம்."

அக்காவின் கையில் இருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. ரெண்டு விமானம் மாறிப் போகிற ஊரிலிருந்து ஞாயிறுதோறும் யார் சாப்பிட வருவார்கள்? புரொபசரும் சாப்பிடுவதை நிறுத்தினார். அவர் கணக்குகளைக் கொட்டாவி விடாமல் கேட்கிற ஒரே ஆள் மச்சான்தான். சாப்பிட்டுக்கொண்டே கேட்பதால் கொட்டாவிக்கு வாயில் இடம் இருக்காது. காரணம் எதுவானாலும் கேட்பான்.

பேச்சை மாற்ற நினைத்தானோ என்னவோ, மச்சான் சொன்னான்: "அத்தான், உங்க எழுத்தையும் போட்டோவையும் எங்க டிரெஸ்ஸிங் ரூம் கதவுல ஒட்டியிருக்கோம், தெரியுமா?"

புரொபசரின் முதுகு தானாக நிமிர்ந்தது. "அப்படியா? சொல்லவே இல்லையே! பசங்க ஊன்றிப் படிக்கிறாங்களா?"

"ஆட்டத்துக்குப் போறப்போ ஒவ்வொருத்தனும் அதுமேல ஓங்கி ஒரு அறை விட்டுட்டுத்தான் போவான்."

"அறையா?"

"நாம தோத்துருவோம்னு அதுல இருக்குல்ல, அந்த வெறி. அதை ஒட்டினதுக்கு அப்புறம்தான் அத்தான் நாங்க ஜெயிக்கவே ஆரம்பிச்சோம்." சொல்லிவிட்டு மச்சான் அக்காவைப் பார்த்தான். அக்கா தண்ணீர் எடுத்துவர எழுந்து போனாள். சொம்பு மேசைமேலேயே இருந்தது.

புரொபசர் இதையெல்லாம் கவனிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு நேராகப் பலகைக்குப் போனார். பழைய பத்திகளை எல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தார். அவர் எழுதியதைச் சற்றே தலைகீழாகப் பிடித்துப் படித்தால், நாரைகள் தோற்கும் என்று அவர் சொன்ன போதெல்லாம் நாரைகள் வென்றிருந்தன. இத்தனை நாள் ஐஸ் பையையும் பஸ் பயணத்தையும் கணக்கில் எடுத்தவர், எல்லாவற்றையும்விடப் பெரிய ஒன்றை விட்டுவிட்டிருக்கிறார். மார்க்கரை எடுத்துக் கடைசியில் ஒரு சொல்லை எழுதி அடிக்கோடிட்டார்: 'நான்'.

சாயங்காலம் மனைவி பலகையைப் பார்த்தாள். "என்னங்க, இங்க 'நான்'னு எழுதியிருக்கே, யாரு இது?"

"நான்தான்."

"அதான் கேக்குறேன். நீங்க எந்த இடத்துல ஆடப்போறீங்க?"

அவர் விளக்கினார். 'நான்' இல்லாமல் கணக்குப் போட்டால் இறுதி ஆட்டத்தில் நாரைகள் மயிரிழையில் வெல்லும். அதை அப்படியே எழுதினால் பையன்களுக்கு வெறி வராது, தோற்றுவிடுவார்கள், மச்சான் மூட்டை கட்டவேண்டும். தோற்பார்கள் என்று எழுதினால் வெறி வரும், வெல்வார்கள். மச்சான் பிழைப்பான், பத்தி பூனைக்குப் போகும்.

"அப்ப தோப்பாங்கன்னே எழுதுங்க," என்றாள் மனைவி சட்டென்று.

"என் பேரு என்னாகுறது?"

"புரொபசர்ங்கிறதும் உங்க பேரு இல்லியே. அது போனா வீட்ல வெச்ச பேரு இருக்கு."

புரொபசர் முடிவெடுக்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். அதற்குள் ஏணி காரியத்தைக் கெடுத்துவிட்டான். ஏணி என்பவன் நாரைகளிலேயே உயரமானவன். வாசற்படிகளில் குனிந்து குனிந்து கூனே விழுந்துவிட்டது. டிவி பேட்டியில், "எங்க கதவுல புரொபசர் போட்டோ இருக்கு, அதை அடிச்சாத்தான் எங்களுக்குப் பந்து கூடையில விழுது" என்று உளறிவிட்டான். மறுநாள் காலை போன் வந்தது.

"சார், வணக்கம். முதலைகள் அணியோட கோச் பேசுறேன். உங்களோடதான் சார் இறுதி ஆட்டம்."

"நான் ஆடுறதில்லையே," என்றார் புரொபசர். ஆனால் அந்தச் சொல் இனித்தது.

"ஒரு சின்ன உதவி சார். எங்களைக் கொஞ்சம் கேவலமா எழுத முடியுமா?"

"நான் யாரு சொல்லியும் எழுதுறவன் இல்ல."

"தெரியும் சார், அதான் கெஞ்சிக் கேக்குறேன். எங்க பசங்க ரொம்ப சந்தோஷமா இருக்காங்க சார். பஸ்ல பாட்டுப் பாடுறானுங்க. கோபமே வர மாட்டேங்குது. நீங்க மனசு வெச்சா..."

"பாக்கலாம்," என்று சொல்லி போனை வைத்தார் புரொபசர். அன்று முழுக்க அவர் நடையே வேறு. கோப்பையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாருக்குக் கொடுப்பது என்று யோசித்தபடி போகிறவரின் நடை. பஸ்ஸில் தன் காலை மிதித்தவரைக்கூட மன்னித்தார். பாவம், யார் காலை மிதித்தோம் என்று அந்த ஆளுக்குத் தெரியாது.

ஆனால் எழுத உட்கார்ந்ததும் மச்சானின் தட்டில் கிடந்த உருளைக்கிழங்குதான் கண்ணில் நின்றது. மனைவி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் தட்டினார்: 'முதலைகள் வெல்லும். நாரைகள் தோற்கும்.' அப்புறம் 'ஓரிரு இடங்களில்' என்று சேர்த்தார். மனைவி தொண்டையைச் செருமினாள். அதை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

"வலிச்சுதா?" என்றாள்.

"கொஞ்சம்."

"ரெண்டு மணி நேரத்துக்கு எதையும் கடிக்காதீங்க."

*

இறுதி ஆட்டம் சாயங்காலம் தொடங்க இருந்தது. மச்சான் இருவருக்கும் நுழைவு அட்டை வாங்கிக் கொடுத்திருந்தான். அரங்கத்துக்கு அடியில் ஓடிய தாழ்வாரத்தில் ஈரத் துண்டும் வலித் தைலமும் கலந்து மணத்தன. மேலே கூட்டம் பெஞ்சை மிதிக்கும் சத்தம் கூரை வழியாக இறங்கிவந்தது. புரொபசர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். தன் எழுத்து குடியிருக்கும் கதவைத் தன் கண்ணாலேயே பார்க்கப்போகிறார்.

பார்த்தார்.

புகைப்படம் அவருடையதுதான். ஆள் அளவுக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். அறை வாங்கி வாங்கி இடது கன்னம் வெளுத்து, நெற்றிப்பொட்டில் ஊன்றிய விரல் பாதிதான் மிஞ்சியிருந்தது. அதற்குக் கீழே ஒரு தாளில் கொட்டை எழுத்தில் மார்க்கரால் எழுதியிருந்தது:

'நாரைகளா? மழையில் நனைந்த துடைப்பங்கள்! இவர்களுக்குக் கோப்பை எதற்கு? தலையணை கொடுத்து அனுப்புங்கள். — புரொபசர்.'

அதன் ஓரத்தில் போன ஆட்டத்தின் தாள் எட்டிப்பார்த்தது: 'ஏணி ஃப்ரீ த்ரோ போடும்போது முன்வரிசையில் உட்காராதீர்கள். ஹெல்மெட் தரப்பட மாட்டாது. — புரொபசர்.'

"இதை நான் எழுதவே இல்லையே!" என்று அலறினார் புரொபசர்.

கதவைத் திறந்துகொண்டு மச்சான் வந்தான். அத்தானைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், பின்னந்தலையைச் சொறிந்தான்.

"அத்தான், முதல்ல உங்க கட்டுரையைத்தான் அப்படியே ஒட்டினேன். சத்தியமா. பசங்க வரிசையா நின்னு படிச்சாங்க. படிச்சு முடிச்சிட்டு ஏணி கேட்டான், 'கோச், இவரு நம்மளப் பாராட்டுறாரா?'ன்னு. இன்னொருத்தன் நின்ன வாக்குலயே தூங்கிட்டான். அதுக்கப்புறம்தான் அக்காகிட்ட..."

சொல்ல வந்ததை விழுங்கினான். நேரம் கடந்துவிட்டது. புரொபசர் தாளை மறுபடி உற்றுப் பார்த்தார். மருந்துச் சீட்டில் மட்டுமே காணக்கிடைக்கும் அந்தக் கையெழுத்தை அவர் கல்யாணமான நாளிலிருந்து மளிகைச் சீட்டிலும் பார்த்துவருகிறார்.

மனைவி தாழ்வாரத்துக் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"நீயா?"

"பின்ன? நாள் முழுக்க அடுத்தவங்க வாயைத் திறக்கச் சொல்றேன். யாரும் பேச முடியாது, நானும் திட்ட முடியாது. எனக்கும் ஒரு வடிகால் வேணாமா? உங்க போட்டோ வேற சும்மா இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு என்னைத் தோப்பாங்கன்னு எழுதச் சொன்ன?"

"இந்தத் தடவை தலைப்புலயே போடுறாங்கன்னு சொன்னீங்களே அத்தான்," என்றான் மச்சான். "நீங்க பாட்டுக்கு நாரைகள் வெல்லும்னு போட்டுட்டா, இது டூப்புன்னு பசங்களுக்குத் தெரிஞ்சு போயிடும்ல."

புரொபசர் சுவரில் சாய்ந்தார். பத்தி எப்படியும் போகப்போகிறது. முதலைகளின் கோச் கெஞ்சியதெல்லாம் பல் டாக்டரிடம் கெஞ்ச வேண்டியது. பலகையில் அடிக்கோடிட்ட 'நான்' போனது. மிச்சம் இருந்தது ஒரு புகைப்படம். அதிலும் ஒரு கன்னம் போய்விட்டது.

அப்போது கதவிடுக்கில் குனிந்து ஒரு தலை வந்தது.

"கோச், இவருதானே அவரு?"

ஏணியின் குரல் கேட்டதும் அறையே வாசலுக்கு வந்துவிட்டது. நீலச் சட்டைகளுக்கு நடுவே புரொபசர் உள்ளே இழுக்கப்பட்டு, ஒரு பெஞ்சின்மேல் ஏற்றப்பட்டார். பெஞ்சில் நின்றும் ஏணியின் மோவாய்க்குத்தான் வந்தார்.

"நேர்ல சொல்லுங்க சார்," என்றான் ஏணி. "போட்டோவப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு. அந்தத் துடைப்பத்தை இன்னொரு தடவை சொல்லுங்க."

எல்லோரும் அவரைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். மச்சான் இரு கைகளையும் பிசைந்துகொண்டு நின்றான்; இன்னும் சற்று நேரத்தில் ஆட்டம். இந்த ஆட்டத்தில் அவனுடைய வேலை, அக்கா வீட்டு ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் இருந்தது. புரொபசர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ஒரு கோணத்திலிருந்து அணுகினால்..."

அறை முழுக்க ஒரு முனகல் எழுந்தது. வாசலிலிருந்து மனைவியின் குரல் கேட்டது: "என்னங்க, ஒரே வரி!"

புரொபசர் கண்ணாடியைக் கழற்றினார். அது இல்லாமல் பையன்களின் முகம் மங்கலாகத் தெரிந்தது. அதுவே கொஞ்சம் தைரியம் கொடுத்தது.

"நீங்க தோப்பீங்கன்னு இன்னிக்குப் பேப்பர்ல எழுதியிருக்கேன். நீங்க ஜெயிப்பீங்கன்னு வீட்டுப் பலகையில எழுதியிருக்கேன். உண்மையைச் சொல்லட்டுமா? எனக்குத் தெரியாதுப்பா. யாரு ஜெயிப்பாங்கன்னு எனக்கு ஒரு எழவும் தெரியாது. இத்தனை வருஷமா தெரிஞ்சதே இல்ல. ஆனா நீங்க ஜெயிக்கணும். இல்லேன்னா ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல உருளைக்கிழங்கு மிஞ்சிப்போயிடும்."

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஏணி சிரித்தான். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்த சிரிப்பு எல்லோரையும் நனைத்துவிட்டது. நின்றபடி தூங்கினவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வெளியே மணி அடித்தது. புரொபசர் பெஞ்சிலிருந்து இறங்கி, வழிவிடலாம் என்று கதவோரமாக ஒதுங்கினார். ஒதுங்கிய இடம் தன் புகைப்படத்தை மறைத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை. வழக்கத்தை விட முடியுமா? வெளியே போன ஒவ்வொருவனும் கையை ஓங்கினான், ஆளைப் பார்த்தான், கையைக் கொஞ்சம் தணித்து முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். தணித்ததே அவ்வளவு என்றால் அந்தப் படம் என்ன பாடு பட்டிருக்கும் என்று அவருக்குப் புரிந்தது. கடைசியில் வந்த ஏணியின் தட்டில் கழுத்துக் கயிறு அறுந்து கண்ணாடி தரையில் விழுந்தது.

"அக்கா," என்றான் மச்சான் கவலையோடு, "சிரிச்சுக்கிட்டே போறானுங்களே! இனி வெறிக்கு நான் எங்க போவேன்?"

*

வெறி இல்லாமல்தான் ஆடினார்கள். முதலைகளும் அப்படியே. அவர்கள்தான் வெல்வார்கள் என்று தலைப்புப் போட்டுவிட்டதால் அவர்களுக்கும் யார்மேலும் கோபமில்லை. அவர்களுடைய கோச் மட்டும் பத்திரிகையாளர் வரிசையைப் பார்த்து, நம்பிக்கைத் துரோகி என்பது போல ஒரு பார்வை பார்த்தார். மற்றபடி, மோதி விழுந்தவனைத் தள்ளிவிட்டவனே கைகொடுத்துத் தூக்கினான். கோபமில்லாதவர்கள் இவ்வளவு வேகமாக ஓடுவார்கள் என்று புரொபசரின் பலகை ஒருநாளும் சொன்னதில்லை. நாரைகள் முந்தும், முதலைகள் பிடிக்கும். முதலைகள் முந்தும், நாரைகள் பிடிக்கும். "எந்திரிங்கடா, விடிஞ்சிருச்சு!" என்று ஒரு பக்கம் கத்தியது. "விடிஞ்சா முதலைக்குத் தண்ணி காட்டுறோம்டா!" என்று மறுபக்கம் கத்தியது.

புரொபசர் ஆசிரியையின் பக்கத்தில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். ஆட்டத்தைப் பார்க்கும்போது கைதட்டாமல் இருப்பது அவருடைய கொள்கை, விஞ்ஞானி கைதட்டலாமா? முதல் பாதியில் கால் கட்டைவிரலை மட்டும் ஆட்டினார். இரண்டாம் பாதியில் முழங்கால் சேர்ந்துகொண்டது. கடைசிக் கட்டத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. தான் தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டார்.

ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தன. நாரைகள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தன. பந்தோடு எழும்பிய ஏணியின் கையில் ஒரு முதலை தட்டியது. விசில். இரண்டு ஃப்ரீ த்ரோ: யாரும் தடுக்க மாட்டார்கள், விழுந்தால் தலா ஒரு புள்ளி.

முன்வரிசையில் ஒருவர் தலைக்கு மேல் பையைத் தூக்கிப் பிடித்தார். ஏணிக்கும் ஃப்ரீ த்ரோவுக்கும் இருந்த உறவைப் பற்றிப் பலகையில் ஒரு மூலை முழுக்க இருந்தது. அதைப் புரொபசர் அவசர அவசரமாக மறக்க முயன்றார்.

முதல் பந்து வளையத்தின்மேல் விழுந்து, சுற்றி, யோசித்து, இன்னொரு சுற்று சுற்றி, உள்ளே இறங்கியது. சமம்.

இரண்டாவது பந்தைக் கையில் வாங்கிய ஏணி தலையைத் திருப்பிப் பத்திரிகையாளர் வரிசையைத் தேடினான். புரொபசரைக் கண்டதும் ஆள்காட்டி விரலை நெற்றிப்பொட்டில் ஊன்றி, அடுத்த வாரத்தைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தான். அச்சு அசல் அந்தப் புகைப்படம். பிறகு திரும்பி, பந்தைச் சாவகாசமாக எறிந்தான்.

வளையத்தில் படாமல், வலையை மட்டும் உரசிக்கொண்டு இறங்கியது.

அதற்குப் பிறகு முதலைகள் அரங்கத்தின் பாதியிலிருந்து எறிந்த பந்து கூடைப் பலகையில் பட்டது, வளையத்தில் பட்டது, வெளியே விழுந்தது, மணி அடித்தது எல்லாம் நடந்தனவாம். புரொபசர் பார்க்கவில்லை. அவர் மேசைமேல் ஏறி நின்று, இரண்டாக உடைந்த பென்சிலைக் கைக்கு ஒரு துண்டாகப் பிடித்தபடி குதித்துக்கொண்டிருந்தார். இறங்கிவந்து ஆசிரியையைக் கட்டிப்பிடித்தார்.

"புரொபசர், விடுங்க! நாரைகள் தோற்கும்னு எழுதினீங்களே!"

"ஆமா மேடம்! தப்பு! முழுத் தப்பு!"

"இவ்வளவு சந்தோஷமா ஒருத்தர் தப்புப் பண்ணி நான் பாத்ததே இல்ல."

அவர் சட்டென்று நினைவு வந்து கேட்டார்: "பூனை எதுல உக்காந்துச்சு?"

ஆசிரியை போனைத் திருப்பிக் காட்டினார். மேனேஜரின் முன்னங்கால்கள் நீலப் பெட்டியில் இருந்தன; பின்னங்கால்கள் பச்சைப் பெட்டியில் இருந்தன. முகத்தில் ஆழ்ந்த சிந்தனை.

"உங்க பத்தியைப் படிச்சிருக்கும்போல," என்றார் ஆசிரியை.

"அப்ப பத்தி?"

"சொன்னா சொன்னதுதான். பத்தி அதுக்குத்தான். உங்க நடையும் அதுக்குப் படிஞ்சிருச்சு. நீங்க இன்னிக்கு ஆட்டத்தை எழுதுங்க. நடக்கப்போறதை விட்டுடுங்க, நடந்ததை எழுதுங்க. அதுலயாவது தப்பு வராதான்னு பாப்போம்."

கீழே மச்சானை நாரைகள் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தன. மெத்தை முதலாளி கோப்பையைத் தடவிக்கொண்டிருந்தார். பல் டாக்டர் தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்திக் கத்திக் குரல் போய், கையை மட்டும் ஆட்டிக்கொண்டே புரொபசரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புரொபசர் கயிறு அறுந்த கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கம்ப்யூட்டரைத் திறந்தார்.

'நாரைகள் வென்றன' என்று எழுதினார். இவ்வளவு சுலபமான ஒரு வரியை அவர் எழுதியதே இல்லை. பார்க்கப் பார்க்க அழகாக இருந்தது. அடுத்து எத்தனை புள்ளிகள் என்று எழுத வேண்டும். அங்கே நின்றுவிட்டார். ஒரு புள்ளி வித்தியாசம் என்று தெரியும். எந்த எண்ணுக்கும் எந்த எண்ணுக்கும் நடுவில் அந்த ஒரு புள்ளி என்று தெரியவில்லை. பெரிய திரையை நிமிர்ந்து பார்த்தார். அதில் அதற்குள் ஒரு மெத்தை வந்து படுத்திருந்தது.

"ஸ்கோர் என்ன?" என்று மனைவியைக் கேட்டார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். எட்டிக் குனிந்து மச்சானைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஜெயிச்சுட்டோம் அத்தான்!" என்று காற்றில் மிதந்தபடியே கத்தினான் மச்சான். "அதுக்கு மேல என்ன கணக்கு? ஞாயித்துக்கிழமை ரெண்டு கிலோவா வாங்கி வைங்க!"

புரொபசர் கணக்கை ஒதுக்கிவைத்தார். கம்ப்யூட்டரோடு மனைவியின் பக்கம் மெல்ல நகர்ந்தார்.

"ஸ்கோரை அப்புறம் யாரையாவது கேட்டுப் போட்டுக்கலாம். முதுகு வேற விண்ணு விண்ணுன்னு தெறிக்குது," என்றார். "நீ சொல்லு, நான் தட்டுறேன். நனைஞ்ச துடைப்பம் காஞ்சதும் என்ன பண்ணுச்சு?"

போன குரலை எங்கிருந்தோ திரட்டிக்கொண்டு, பல் டாக்டர் வாயைத் திறந்தாள்.